கொட்டகை யார் கையில்?
செங்கொடிப் படங்கள்: பியோங்யாங் முதல் வெண்மணி வரை

நெரவியில் எங்கள் வீட்டுத் திண்ணையில், மடிக்கணினியை பெஞ்சின் மேல் வைத்து, போன கோடையில் ஒரு வடகொரியப் படம் பார்த்தோம். 1972இல் வந்த ‘பூக்காரப் பெண்’. பண்ணை வீட்டில் உழைத்தே ஓய்ந்துபோன ஒரு தாய். அவளுக்கு மருந்து வாங்கத் தெருத்தெருவாகப் பூ விற்கும் மகள். பண்ணையார் மனைவியின் ஆத்திரத்துக்குக் கண்ணைப் பறிகொடுத்த தங்கை. சிறையில் அண்ணன். இளவயதில் பண்ணை வேலை பார்த்த பக்கத்து வீட்டுப் பெரியவர், பேச்சும் புரியாமல், கீழே ஓடிய எழுத்தையும் வாசிக்காமல், கடைசிவரை அசையாமல் உட்கார்ந்திருந்தார். முடிவில் அண்ணன் புரட்சிப் படையோடு திரும்பி வருகிறான். ஊர் திரண்டு பண்ணையாரை வீழ்த்துகிறது.

“நம்ம கதையாத்தான் இருக்கு தம்பி. அண்ணன் வர்ற எடம் மட்டும் நமக்கில்ல” என்றார்.

எங்கள் ஊரிலிருந்து தெற்கே திருமலைராயன்பட்டினம், வாஞ்சூர், நாகூர், நாகப்பட்டினம் என்று போய் மேற்கே திரும்பினால் கீழ்வேளூர். அதற்கு அந்தப் பக்கம் வெண்மணி. கம்யூனிஸ்டுத் தலைவர்கள் சீனிவாசராவும் மணலி கந்தசாமியும் சேரி சேரியாக நடந்து சங்கம் கட்டிய பூமி. இந்தியாவில் செங்கொடி இவ்வளவு ஆழமாக வேர்விட்ட வயல்காடுகள் குறைவு. அந்தக் கொடி வெள்ளித்திரையில் எப்படித் தெரிந்தது, ஏன் இவ்வளவு கொஞ்சமாகத் தெரிந்தது என்று பார்க்க, கட்சியே கொட்டகையையும் கையில் வைத்திருக்கும் நாட்டிலிருந்து தொடங்குவது வசதி.

வடகொரியாவில் அரசுத் திரைப்படக் கூடம் 1947இல் எழுந்தது. முதல் கதைப்படம் ‘என் பிறந்த ஊர்’ 1949இல் வந்தது. காங் ஹாங் சிக் இயக்கியது. அதிலும் ஊர்ப் பண்ணையாரின் கொடுமைதான். ஆனால் அதைப் பார்த்த விவசாயி, 1946 மார்ச்சில் வந்த நிலச் சீர்திருத்தத்தில் நிலம் வாங்கியவன். திரையில் பண்ணையார் விழும்போது, தன் ஊரில் ஏற்கனவே விழுந்த ஒருவனைத்தான் அவன் பார்த்தான். அந்த ஆரம்பகாலப் படங்களின் தெம்பு அங்கிருந்து வந்தது என்று நினைக்கிறேன்.

பிறகு சினிமா, தலைவர் கிம் இல் சுங்கின் மகனிடம் போனது. கிம் ஜோங் இல் 1973இல் திரைக்கலை பற்றித் தடித்த நூல் ஒன்றே வெளியிட்டார். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு ‘விதை’ வேண்டும், கதையும் நடிப்பும் இசையும் அதிலிருந்தே முளைக்க வேண்டும் என்பது அதன் மையக் கருத்து. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. விதைநெல் யார் வீட்டுக் குதிரில் இருந்தது என்பதுதான் கேள்வி. ‘இரத்தக் கடல்’ (1969), ‘பூக்காரப் பெண்’ இரண்டுக்கும் மூலக்கதை எழுதியவர் தலைவர் கிம் இல் சுங் என்றே அரசு சொல்லிவந்தது. படைப்பாளிகளின் பெயர் பின்னால் போய்விட்டது. ஆனாலும் ‘பூக்காரப் பெண்’ கார்லோவி வாரி விழாவில் சிறப்புப் பரிசு பெற்றது. பண்பாட்டுப் புரட்சிக் காலச் சீனாவில் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்து அழுதார்கள். பூக்காரியாக நடித்த ஹாங் யாங் ஹீயின் உருவம் பின்னாளில் ஒரு வோன் நோட்டிலேயே ஏறியது. படத்தைப் பார்த்தால் காரணம் தெரியும். பிரச்சாரம் கடைசி இருபது நிமிடம்தான். அதுவரை அது அசல் அழுகைப் படம். நம் ஊர்த் தாய்மார்கள் ஐம்பதுகளில் முந்தானையை நனைத்துக்கொண்டு பார்த்த படங்களுக்கு அக்கா முறை.

அந்தச் சினிமாவின் இன்னொரு முகம் ஷின் சாங் ஓக். தென்கொரியாவின் பெரிய இயக்குநர். 1978 ஜனவரியில் அவருடைய முன்னாள் மனைவி, நடிகை சோய் உன் ஹீயை ஹாங்காங்கிலிருந்து கடத்திக் கொண்டுபோனார்கள். ஜூலையில் ஷின்னும் வடக்கே போய்ச் சேர்ந்தார். தப்பப் பார்த்துச் சிறையில் கிடந்தார். 1983இல் ஒரு விருந்தில் இருவரையும் நேருக்கு நேர் நிறுத்தி, இனி படம் எடுங்கள் என்றார்கள். கேட்ட பணம், கேட்ட ஆள், கேட்ட பொருள். உலகத்தில் எந்த இயக்குநருக்கும் கிடைக்காத தயாரிப்பாளர். வெளியே போகும் கதவு மட்டும் கிடையாது. அப்படி எடுத்த ‘உப்பு’ படத்துக்காக 1985இல் மாஸ்கோ விழாவில் சோய் சிறந்த நடிகை ஆனார். அதே ஆண்டு ‘புல்கசாரி’. சிறையில் கிடக்கும் கொல்லன் சோற்றைப் பிசைந்து செய்த பொம்மை, இரும்பைத் தின்று மலையாக வளர்கிறது. விவசாயிகளுக்குத் துணை நின்று அரசனைக் கவிழ்க்கிறது. கவிழ்த்த பிறகும் பசி அடங்காமல் ஏர்க்கொழு, சட்டி என்று அதே மக்களின் இரும்பைத் தின்கிறது. இதை அந்த நாட்டிலேயே, அந்தப் பணத்திலேயே எடுத்துவிட்டு, 1986 மார்ச்சில் வியன்னாவில் இருவரும் அமெரிக்கத் தூதரகத்துக்குள் ஓடிவிட்டார்கள். அந்தப் பசி யாருடையது என்று ஷின் வாய்விட்டுச் சொல்லத் தேவையில்லை.

இந்தியாவிலும் கம்யூனிஸ்டு அரசுகள் படத்துக்குப் பணம் போட்டதுண்டு. அச்சுத மேனன் முதல்வராக இருந்தபோது, 1975இல், கேரள அரசு திரைப்பட வளர்ச்சிக் கழகம் வந்தது. வங்கத்தில் இடதுமுன்னணி அரசு தயாரிக்க, சத்யஜித் ராய் 1980இல் ‘ஹீரக் ராஜார் தேஷே’ எடுத்தார். குடிமக்களுக்கு மூளைச்சலவை இயந்திரம் வைத்திருக்கும் ஒரு ராஜாவின் சிலையை, ஊரே கயிறு கட்டி இழுத்துத் தள்ளுகிறது. பலரும் அதில் நெருக்கடி நிலையைக் கண்டார்கள். சிலை சாய்ப்பதைப் படமாக்கப் பணம் கொடுத்த செங்கொடி அரசு என்ற பெருமை கல்கத்தாவுக்கு உண்டு. பியோங்யாங்கில் அந்தக் கயிற்றைத் தொட்டிருக்கவே முடியாது.

தமிழ்நாட்டில் கட்சி கோட்டைக்குப் போகவில்லை. இங்கே செங்கொடிப் படம் என்றால் கட்சிக்காரர்கள் கைக்காசையும் உழைப்பையும் போட்டு எடுத்ததுதான். அதன் தொடக்கமும் வங்கத்தில்தான். நிமாய் கோஷ், பிரிவினை அகதிகளைப் பற்றி ‘சின்னமூல்’ (1950) எடுத்தார். இந்தியா வந்த சோவியத் மேதை புதோவ்கின் அதைப் பார்த்துச் சொக்கி, தன் நாட்டில் திரையிட ஏற்பாடு செய்தார். அந்தப் புகழ் கல்கத்தாவில் சோறு போடவில்லை. கோஷ் சென்னைக்கு ரயிலேறினார். 1960இல் அவர் இயக்கிய ‘பாதை தெரியுது பார்’தான் தமிழில் தொழிற்சங்கத்தைக் கதையின் நடுவில் உட்காரவைத்த முதல் முயற்சி. கதை ஆர்.கே. கண்ணன்; நாயகன் பின்னாளில் இயக்குநரான கே. விஜயன்; இசை எம்.பி. சீனிவாசன், அவருக்கு அதுதான் முதல் படம். ஜெயகாந்தனும் கே.சி.எஸ். அருணாசலமும் பாட்டெழுதினார்கள். இவர்களில் பெரும்பாலோர் கட்சியின் ஆட்கள், அல்லது கட்சி அலுவலகத்தில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள்.

தேசிய விருதில் தகுதிச் சான்றிதழ் வந்தது. கூட்டம் வரவில்லை. எல்லாம் இருந்தது, கொட்டகை இல்லை. விநியோகம் வேறு யாரோ கையில். பியோங்யாங்கில் பார்வையாளனை வரிசையில் நிறுத்திக் கூட்டிப் போனார்கள். இங்கே வர விரும்பியவன் வருவதற்குள் சுவரொட்டி மாறிவிட்டது. பாட்டு மட்டும் இலங்கை வானொலி வழியாகப் பிழைத்துக்கொண்டது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். தென்னிந்தியத் திரைப்படத் தொழிலாளர்களுக்குச் சங்கமும் சம்மேளனமும் கட்ட முன்னின்றவர்கள் இதே கோஷும் எம்.பி.எஸ்ஸும்தான். படத்தில் சொன்னதை ஸ்டூடியோவுக்குள் செய்துகாட்டினார்கள். தோற்ற படம் ஒன்றின் கணக்கில் இதை வரவு வைக்காமல் முடியாது.

செந்தமிழ்ச் சினிமாவில் சிவப்பு அதிகம் ஒலித்தது வேறு வாயில். பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் டெல்டாக்காரர். விவசாயிகள் இயக்கத்தில் வளர்ந்து, ‘ஜனசக்தி’யில் எழுதியவர். 1959இல், 29 வயதில் போய்விட்டார். அதற்குள் ‘நாடோடி மன்னன்’ (1958) போன்ற படங்களில், உழுகிறவனுக்குக் கிடைப்பதென்ன என்று அவர் கேட்ட கேள்விகள் எம்.ஜி.ஆர். வழியாக எல்லாக் கொட்டகைக்கும் போயின. கேள்வி கம்யூனிஸ்டுடையது, கைத்தட்டு தி.மு.க.வுக்கு. கட்சித் தோழர்கள் இதை இன்றும் கொஞ்சம் கசப்போடுதான் சொல்வார்கள். எனக்குக் கசப்பில்லை; பாட்டு ஊருக்குப் போய்ச் சேர்ந்ததே.

அறுபதுகளில் ஜெயகாந்தன் தானே இயக்கிய ‘உன்னைப்போல் ஒருவன்’ சேரி வாழ்க்கையைச் சாயம் பூசாமல் காட்டியது. அதுவும் விருதோடு நின்றது. எண்பதுகளின் தொடக்கத்தில் சிவப்பு திடீரென்று வியாபாரமானது. தெலுங்கு ‘எர்ர மல்லெலு’வைத் தழுவி ஏவி.எம். நிறுவனமே ‘சிவப்பு மல்லி’ (1981) எடுத்தது. ராம நாராயணன் இயக்கத்தில் விஜயகாந்தும் சந்திரசேகரும் அரிவாளோடு நின்றார்கள். படம் ஓடியது. சங்கம் என்ற சொல் சண்டைக் காட்சிக்கு முன்னுரையாகச் சுருங்கியதும் அப்போதுதான். ஹரிஹரனின் ‘ஏழாவது மனிதன்’ (1982) அந்த ஆரவாரத்துக்கு நடுவே, பாரதி பாடல்களை வைத்துக்கொண்டு, ஆலைக்கும் ஆற்றுக்கும் இடையிலான வழக்கைப் பொறுமையாகப் பேசியது.

இனி வெண்மணி. 1968 டிசம்பர் 25 இரவு, கூலி நெல் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டதற்கும் செங்கொடியை இறக்க மறுத்ததற்கும், இராமையாவின் குடிசையில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். முதியவர்கள், பெண்கள், குழந்தைகள். 1973இல் உயர் நீதிமன்றம் மிராசுதாரர்களை விடுவித்தது. இந்திரா பார்த்தசாரதியின் ‘குருதிப்புனல்’ நாவலை வைத்து ஸ்ரீதர் ராஜன் 1983இல் ‘கண் சிவந்தால் மண் சிவக்கும்’ எடுத்தார். அறிமுக இயக்குநருக்கான தேசிய விருது கிடைத்தது. நாவலுக்கு எதிராக இடதுசாரிகள் சொன்ன குற்றச்சாட்டு தெரிந்ததே: பண்ணையாரின் ஆண்மைக் குறையைக் காரணமாக்கினால் கூலிப் போராட்டம் எங்கே போகிறது? அந்தக் கேள்வி படத்தையும் விடாது. ஆனாலும் அதை ஒதுக்கித் தள்ள எனக்கு மனம் வரவில்லை; டெல்டாவின் அந்த இரவை நோக்கி ஒரு கேமராவைத் திருப்பிய துணிச்சலுக்காகவே. 1997இல் ‘அரவிந்தன்’ அந்த நெருப்பை நாயகனின் கோபத்துக்கு விறகாக்கியது. அதை யுவன் சங்கர் ராஜாவின் முதல் படம் என்றுதான் பலர் நினைவில் வைத்திருக்கிறார்கள். மற்றபடி பாரதி கிருஷ்ணகுமாரின் ‘இராமையாவின் குடிசை’ இருக்கிறது. அது ஆவணப்படம், ஆனால் இந்த வரிசையில் எந்தக் கதைப்படத்தைவிடவும் கனமானது.

கேரளத்தைப் பாருங்கள். கையூர் விவசாயப் போராட்டத் தியாகிகளைப் பற்றி லெனின் ராஜேந்திரன் ‘மீனமாசத்திலே சூரியன்’ (1986) எடுத்தார். பிறகு மார்க்சிஸ்ட் வேட்பாளராக நாடாளுமன்றத் தேர்தலிலும் நின்றார். அதே ஆண்டு ஜான் ஆபிரகாம், ஊர் ஊராகப் படம் திரையிட்டு, ஜனங்களிடம் காசு வசூலித்து ‘அம்ம அறியான்’ எடுத்தார். கொட்டகை இல்லாவிட்டால் மைதானம் என்று அவர்கள் புரிந்துகொண்டதை நாம் புரிந்துகொள்ளவில்லை. இத்தனைக்கும் ஜானின் தமிழ்ப் படமான ‘அக்ரஹாரத்தில் கழுதை’யில் பேராசிரியராக நடித்தவர் நம் எம்.பி.எஸ்!

அண்மைக் காலத்தில் எஸ்.பி. ஜனநாதன் ஒருவர்தான் வெளிப்படையாகக் கொடியைப் பிடித்தார். ‘பேராண்மை’ (2009), ‘அதிகாலையின் அமைதியில்’ என்று நாம் அறிந்த சோவியத் படத்தின் (1972) தழுவல். செஞ்சேனைச் சார்ஜன்ட் இடத்தில் பழங்குடி வனக்காவலர். ஐந்து பெண் படைவீரர் இடத்தில் ஐந்து மாணவிகள். ராக்கெட் கதை கொஞ்சம் அதிகப்படி. லெனின் பாரதியின் ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ (2018) வேறு ஜாதி. துண்டு நிலத்துக்கு ஏங்கும் ரங்கசாமி, கடைசியில் அந்த நிலத்தில் நிற்கும் காற்றாலைக்குக் காவலாளியாக உட்காருகிறான். அவனுக்கும் எந்த அண்ணனும் படையோடு வரவில்லை. தமிழில் இதுவரை வந்த செங்கொடிப் படங்களில் இதுவே சிறந்தது என்பேன். பெரியவருக்கும் போட்டுக் காட்டினேன். இந்தத் தடவை ஒன்றும் சொல்லாமல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார்.

டிசம்பர் 25 அன்று வெண்மணி நினைவிடத்துக்கு ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் வருகிறார்கள். கட்சித் தோழர்களுக்கும் தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்க (தமுஎகச) நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கூட்டம் முடிந்ததும் கலைந்துவிடாமல், ஓர் இரவு மைதானத்தில் வெள்ளைத் துணி கட்டி, ‘பாதை தெரியுது பார்’, ‘மேற்குத் தொடர்ச்சி மலை’, முடிந்தால் அந்தக் கொரியப் பூக்காரியையும் சேர்த்துப் போடுங்கள். நெரவியிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்களை அழைத்து வருவது என் பொறுப்பு.