இரவின் நீளம்

சர்வதேசத் தொடர்பு சாதனங்கள் நம் கலாச்சாரத்தை விழுங்குகின்றன என்பது சிறுபத்திரிகை வட்டத்தில் பழகிப்போன பல்லவி. யுனெஸ்கோவுக்காக மக்பிரைட் குழு 1980-ல் தந்த அறிக்கை இதற்குச் சுருதி சேர்த்தது. செய்தியும் கேளிக்கையும் பணக்கார நாடுகளிலிருந்து ஏழை நாடுகளுக்கு ஒரு வழியாகவே பாய்கின்றன என்பது அன்றைய குற்றச்சாட்டு. அன்று அது சரி. இன்று அருப்புக்கோட்டையிலோ திருச்சுழியிலோ ஒரு வீட்டுத் திண்ணையிலிருந்து எட்டிப் பார்த்தால் தொலைக்காட்சிப் பெட்டிக்குள் அமெரிக்காவைக் காணோம். தமிழ்தான் ஓடுகிறது. சில வேளை இந்த வானம் பார்த்த பூமியின் பாட்டே ஓடுகிறது.

விஜய் தொலைக்காட்சியை எடுத்துக்கொள்வோம். 2001-ல் அது ரூபர்ட் மர்டாக்கின் ஸ்டார் நிறுவனத்தின் கைக்குப் போயிற்று. 2019-ல் டிஸ்னியின் கைக்கு. 2024-ல் டிஸ்னியின் இந்திய வியாபாரம் ரிலையன்ஸோடு இணைந்தது. இப்படிக் கை மாறிய அலைவரிசையில்தான் 2018-ல் புதுக்கோட்டைப் பக்கத்து நாட்டுப்புறப் பாடகர் செந்தில் கணேஷ் சூப்பர் சிங்கர் பட்டம் பெற்றார். அவரும் அவர் மனைவி ராஜலட்சுமியும் மேடைகளில் பாடிவந்த ‘சின்ன மச்சான்’ சினிமாவுக்கும் போயிற்று. படையெடுத்து வந்தவன் நம் பாட்டை நம்மையே பாடச் சொல்லிக் கேட்கிறான், கைதட்டுகிறான், பரிசும் கொடுக்கிறான். இதை அழிவு என்று எப்படிச் சொல்வது?

இழப்பு எங்கே என்று தெரிய, இதே வட்டாரத்தில் இன்னும் உயிரோடிருக்கும் ஸ்பெஷல் நாடகத்தின் பக்கத்தில் இதை வைத்துப் பார்க்க வேண்டும். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிக் கொடுத்த பாடல்களின் மேல் நிற்பது அது. நடிகர்களைத் தனித்தனியே பேசி அமர்த்துகிறார்கள். ஒத்திகை கிடையாது. ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் சில சமயம் மேடையில்தான் முதல் தடவை சந்திக்கிறார்கள். இரவு பத்து மணிக்கு மேல் பபூன் வந்து கூட்டத்தைக் கூட்டி, வள்ளிக்கும் நாரதருக்கும் தர்க்கம் மூண்டு, முடிய விடிந்துவிடும். கூட்டம் சளைக்காமல் கேட்டால் தர்க்கம் நீளும். முன்வரிசையில் துண்டை விரித்துப் படுத்துவிட்டால் சுருங்கும். நாடகத்தின் நீளம் மேடைக்கும் மந்தைக்கும் நடுவில், அன்றைக்கே, தீர்மானமாகிறது.

இது கலப்பில்லாத மண்ணின் கலையா? இல்லவே இல்லை. ஓவியத் திரைகள் பார்சி நாடகக் கம்பெனிகளின் வழியாக வந்தவை. ஆர்மோனியம் 19-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவின் சரக்கு. கமகம் வராத அந்நிய வாத்தியம் என்று அகில இந்திய வானொலி 1940-ல் அதை விலக்கி வைத்தது. விலக்குத் தளர 1971 ஆயிற்று. அந்த முப்பது வருஷமும் நாடக மேடையில் ஆர்மோனியக்காரர் பின்பாட்டுப் பாடிக்கொண்டும், நடிகரோடு வாய் கொடுத்துக்கொண்டும்தான் இருந்தார். சுத்தம் பார்த்த ஸ்தாபனத்தை விட இந்த மேடைக்கு ஜீரண சக்தி அதிகம். வெளியிலிருந்து எது வந்தாலும் அந்த இரவுக்குள் வந்தது. இரவின் நீளத்துக்கு வளைந்து கொடுத்தது.

இப்போது நடப்பது இதற்கு நேர் எதிர். பாட்டு மட்டும் பயணம் போகிறது, இரவு போவதில்லை. போட்டி, நடுவர், வெளியேற்றம், விளம்பரத்துக்கு நடுவே சில நிமிஷம் என்ற இந்த அச்சு எந்த ஊரிலும் வார்க்கப்பட்டதல்ல. எந்த ஊருக்கும் பொருந்தும்படி வார்க்கப்பட்டது. ஒப்பாரிக்குச் செத்தவரின் பேர் வேண்டும், அவர் விட்டுப்போன உறவு வேண்டும். இந்த அச்சுக்குள் அது யாருக்காகவும் அழாத ஒப்பாரியாகிவிடுகிறது. உள்ளடக்கம் முழுக்க நம்முடையது. அளவு மட்டும் அவர்களுடையது. அளவை விட்டுக்கொடுத்த பிறகு உள்ளடக்கம் எவ்வளவு நாளைக்கு நம்முடையதாக இருக்கும்?

இதைச் சொன்னதும் பழைய இரவுக்காக உருகுகிறவர்கள் சேர்ந்துகொள்வார்கள். அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சாவு வீட்டில் பறையடித்தவன் பந்தலுக்கு வெளியேதான் நிறுத்தப்பட்டான்; அடிக்க மாட்டேன் என்று சொல்லும் உரிமை அவனுக்கு இல்லை. விடிய விடிய வள்ளியாக நின்ற ஸ்திரீபார்ட்டை ரசித்த அதே ஊர், விடிந்ததும் அவள் நடத்தையைப் பற்றிப் பேசியது. அப்படிப்பட்டவர்களுக்குக் காமிரா ஒரு பேரைக் கொடுத்தது, ஒரு தொகையைக் கொடுத்தது. ‘பாட்டை அதன் சந்தர்ப்பத்தோடு காப்பாற்று’ என்கிற விமர்சகன், அந்தச் சந்தர்ப்பத்தில் யார் எங்கே நிறுத்தப்பட்டார்கள் என்பதற்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டவன்.

ஆக, கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டும். பாட்டு யாருடையது என்பதை விட, அது எப்போது முடிய வேண்டும் என்று தீர்மானிப்பது யார் என்பதே முக்கியம். ஊர் அந்த உரிமையில் ஒரு பங்கைப் பாடகனுக்குக் கொடுத்தது, கௌரவத்தைக் கொடுக்கவில்லை. தொலைக்காட்சி கௌரவத்தைக் கொடுக்கிறது, உரிமையைக் கொடுப்பதில்லை. இரண்டும் சேர்ந்து கிடைக்கும் மேடை நம்மிடம் இன்னும் இல்லை. பல்லவியை நிறுத்திவிட்டு அந்த இல்லாமையைப் பற்றி யோசிக்கத் தொடங்கலாம்.