ராஜா மகாடியும் வரலாற்றுத் தீர்ப்பும்

பாசிர் பெனம்பாங்கில் நின்று ஆற்றின் தென்கரையை நோக்குவோர் கண்ணுக்கு மெலாவத்திக் குன்று தப்பாது. பெனம்பாங் என்னும் மலாய்ச் சொல், கூலி பெற்று மக்களை அக்கரை சேர்க்கும் ஓடக்காரரைக் குறிக்கும். ஓடக்காரருக்கு இரு கரையும் வேண்டும். அக்குன்றின்மேல் நடந்த போரைப் பற்றி எழுதியோர் பலருக்கோ ஒரு கரையே போதுமானதாக இருந்துவிட்டது.

சுற்றுலா வரும் தோட்டப்பள்ளி மாணவர் குன்றின்மேல் பீரங்கிகளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “ராஜா மகாடி நல்லவரா, கெட்டவரா?” என்று கேட்பதுண்டு. இக்கேள்விக்கு ஆசிரியர் தரும் விடை அன்றோடு முடிவதன்று. எந்த மக்களை நம்பலாம், எவரை ஐயுறலாம் என்னும் எண்ணத்திற்கும் அதுவே வித்தாகிவிடும்.

முதலில் நடந்தது இன்னதென அறிதல் வேண்டும். சிலாங்கூர் உள்நாட்டுப் போர் 1867ஆம் ஆண்டில் கிள்ளானில் மூண்டது. கிள்ளான் வட்டாரம் மகாடியின் தந்தையார் ராஜா சுலைமானிடம் இருந்தது. அதனைச் சுல்தான் முகமது, லூக்குட் குடும்பத்து ராஜா அப்துல்லாவிடம் ஒப்படைத்தார். ராஜா அப்துல்லாவே 1857இல் சீனச் சுரங்கத் தொழிலாளரை ஆற்றின் மேற்பகுதிக்கு அனுப்பி, கோலாலம்பூரின் தோற்றத்திற்கு வழிகோலியவர். 1866இல் அவர் கிள்ளானின் வரி உரிமையைச் சிங்கப்பூர் வணிகர் இருவருக்குக் குத்தகை விட, மகாடி தம் அபினிச் சரக்குக்கு வரி செலுத்த மறுத்தார். இதற்கிடையே சுமத்திராவின் பத்துபாரா மக்களுள் ஒருவர் அப்துல்லாவின் ஆளால் கொல்லப்பட்டார். கொலைக்குரிய இழப்பீடு மறுக்கப்படவே, அவர்தம் மக்கள் மகாடியோடு சேர்ந்தனர். கிள்ளான் மகாடியின் கைக்கு வந்தது.

1868இல் சுல்தான் அப்துல் சமாட், தம் மருமகனும் கெடா அரச குடும்பத்தவருமாகிய துங்கு கூடினைத் தம் பிரதிநிதியாக அமர்த்தினார். கூடின் முதலில் சமரசமே பேச முயன்றார் என்பதை மறத்தலாகாது. மகாடி அதனை ஏற்கவில்லை. கூடின் அப்துல்லாவின் மகன் ராஜா இஸ்மாயிலோடு சேர்ந்து 1870இல் கிள்ளானைப் பிடித்தார். மகாடி வடக்கே வந்து, பெர்ணம் வட்டாரத்து ராஜா ஹீத்தாமின் துணையோடு, சுல்தானின் மகன் ராஜா மூசாவிடமிருந்து கோலசிலாங்கூரைக் கைப்பற்றினார். சீனக் கப்பல் ஒன்று கொள்ளையிடப்பட்டதைக் காரணமாகக் கொண்டு, 1871 ஜூலையில் ரினால்டோ என்னும் ஆங்கிலப் போர்க்கப்பல் குன்றின் கோட்டையைத் தாக்கியது. 1872 ஆகஸ்டில் கோலாலம்பூர் மகாடி பக்கத்தாரிடம் வீழ்ந்து எரிந்தது. 1873இல் பகாங் படையின் உதவியால் கூடின் பக்கம் கோலாலம்பூரையும் கோலசிலாங்கூரையும் மீட்டது. போர் அடங்கியபின் நாட்டில் ஆங்கிலேயர் அமர்ந்தனர். வென்ற கூடின் 1878இல் பதவி துறந்து சிலாங்கூரை விட்டகன்றார். தோற்ற மகாடி 1882இல் சிங்கப்பூரில் காலமானார்.

இவ்வரலாற்றின்மேல் எழுந்த தீர்ப்புகளுள் முதலாவது ஆங்கில அதிகாரிகள் தந்தது. மகாடி கலகக்காரர், கூடின் அறிவொளி பெற்றவர் என்பது அதன் சாரம். 1906இல் வெளிவந்த சுவெட்டன்ஹாமின் ‘பிரிட்டிஷ் மலாயா’ இம்மரபில் தலையாய நூல். ஆனால் சுவெட்டன்ஹாம் 1874இல் சிலாங்கூரில் பணியேற்று, பின்னர் அங்கேயே ரெசிடெண்ட் ஆனவர். கூடினுக்குப் பணவுதவி செய்து ஆலோசகராகவும் இருந்த சிங்கப்பூர் வழக்கறிஞர் டேவிட்சனே சிலாங்கூரின் முதல் ரெசிடெண்டும் ஆனார். வழக்கில் பங்குடையவரே சாட்சியும் கூறித் தீர்ப்பும் எழுதினால் அத்தீர்ப்பை எப்படிக் கொள்வது? கப்பற்கொள்ளையர் செய்த கொலையும் கோட்டையிலிருந்தோர் செய்த போரும் அவ்வெழுத்தில் ஒன்றாய்க் கலந்ததும் இதனாலேயே. அவர்கள் தரும் நாளும் இடமும் பயன்படும். அவர்கள் தரும் அடைமொழிகளை ஆராயாமல் ஏற்றல் கூடாது.

இரண்டாவது தீர்ப்பு இதற்கு எதிரானது. அந்நியரை எதிர்த்த வீரர் மகாடி, அந்நியரை அழைத்துவந்தவர் கூடின் என்பது அது. இதில் உண்மை உண்டு. கூடின் கூலிப்படையையும் கடனையும் நம்பினார்; அவர் படையில் ஐரோப்பியத் தலைவரும் இந்தியச் சிப்பாய்களும் இருந்தனர். கடன் பெற்ற கை பின்னர் கடன் கொடுத்தவர் சொற்படி அசைந்தது. ஆயின் மகாடி முதலில் வாளெடுத்தது ஆங்கிலேயரை எதிர்த்தன்று. தந்தையின் உரிமைக்காகவும் அபினி வரிக்காகவும் எடுத்தார். ஆங்கிலேயரோடு நேர்ந்த பகை பின்னர் வந்தது. பின்னர் வந்ததை முன்னர் ஏற்றிச் சொல்வது புகழ்ச்சியாகுமேயன்றி வரலாறாகாது. எரிந்த கோலாலம்பூரில் மாண்ட சுரங்கத் தொழிலாளருக்கும் கூலி வாங்கிச் சண்டையிட்ட சிப்பாய்களுக்கும் இவ்விரு தீர்ப்புகளிலும் இடமில்லை.

மூன்றாவது வகை, ஒவ்வொரு கூட்டத்தாரும் தம்மவரை மட்டும் நினைவிற் கொள்வது. கோலாலம்பூரை நிறுவியவர் ராஜா அப்துல்லாவா, யாப் ஆ லோயா, மண்டைலிங் தலைவர் சுத்தான் புவாசாவா என்னும் வழக்கு இன்றும் ஓயவில்லை. எரிந்த ஊரை மீண்டும் எழுப்பிய யாப் ஆ லோயின் ஊக்கம் போற்றத்தக்கதே. அவர் வருவாயில் அபினியும் சூதும் இருந்தமையும் உண்மையே. போர்க்காலத்தில் கெடாக்காரர், பகாங்காரர், பூகிஸ், சுமத்திரா மக்கள் என்று ஒருவரையொருவர் சுட்டிய விரல்கள், போர் முடிந்து நூற்றைம்பது ஆண்டுகள் ஆகியும் முழுவதும் மடங்கிவிடவில்லை. ‘வந்தவர்’ என்னும் சொல் எவ்வளவு எளிதில் வசையாகும் என்பதைத் தோட்டத்து மக்களுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

தமிழாசிரியர்க்கு இங்கே துணையாவது புறநானூறு. நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் சோழர் குடியினர். நெடுங்கிள்ளி இருந்த ஊரை நலங்கிள்ளி முற்றுகையிட்டான். கோவூர்கிழார் நலங்கிள்ளியைப் பலகால் பாடியவர். ஆயினும் உறையூர் முற்றுகையின்போது அவர் தம் புரவலன் பக்கம் நின்று முரசறையவில்லை. இருவரும் ஒரு குடி என்பதை நினைவூட்டிப் போரை விலக்கவே பாடினார். 46ஆம் பாட்டின் சூழல் இன்னும் கூர்மையானது. கிள்ளிவளவன், பகைவனாகிய மலையமானின் சிறுவரை யானைக்காலில் இடத் துணிந்தான். அவனே புலவர் பலராலும் புகழப்பட்ட வள்ளல். தொகுத்தோர் அவன் கொடையைப் பாடிய பாட்டையும் காத்தனர். அவன் செய்யத் துணிந்த கொடுமையைத் தடுத்த பாட்டையும் காத்தனர். ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறைக்கவில்லை. பகைவன் பிள்ளையும் பகைவனே என்னும் எண்ணம் அன்றே மறுக்கப்பட்டது என்பதும் இதனால் விளங்கும்.

குணத்தையும் குற்றத்தையும் நாடி மிகுந்ததைக் கொள்க என்னும் வள்ளுவர் நெறியே போதாதோ எனச் சிலர் வினவலாம். அந்நெறி ‘தெரிந்துதெளிதல்’ அதிகாரத்தில் உள்ளது; வினைக்கு ஆளைத் தெரிவு செய்வோர்க்குச் சொல்லப்பட்டது. உயிரோடிருப்பவரைப் பணியில் அமர்த்துங்கால் ஒரு முடிவுக்கு வந்தே தீரவேண்டும். மகாடியை இனி எவரும் எப்பணியிலும் அமர்த்தப்போவதில்லை. ஆகவே அவருடைய குற்றத்தைக் குணத்தில் கழித்து மிச்சம் காணும் கட்டாயம் வரலாற்றாசிரியர்க்கு இல்லை. செயலைச் செயலாகவே எடைபோடலாம்: சமரசத்தை மறுத்தது பிழை, உரிமை இழந்தவரின் மனக்குறை நியாயம். இரண்டும் ஒருவரிடத்தே நிற்கும்.

சிலையோ இவ்வாறு பேசமாட்டாது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் அடிமை முறையைக் காக்க முயன்ற தென்னவர் படையை நடத்திய ராபர்ட் லீக்கு 1890இல் ரிச்மண்டில் சிலை எழுப்பினர். 2021இல் அதனை இறக்கினர். எழுப்பியது போற்றுதலையும் இறக்கியது மறுத்தலையும் காட்டின. போர் ஏன் மூண்டது, அடிமைப்பட்டோர் என்ன ஆயினர் என்பனவற்றை வகுப்பறையில்தான் சொல்ல முடியும்.

பழம்புண்ணைக் கிளறாதிருப்பதே நன்று என்பாரும் உளர். பத்துபாரா மக்களின் இழப்பீடு மறுக்கப்பட்டதை எண்ணுக. பேசாது விட்டதனால் அப்புண் ஆறவில்லை, போருக்கே துணையாயிற்று. மாறாக, மகாடியின் பக்கம் போரிட்ட சையத் மஷ்ஹூரும் ராஜா மாமுட்டும் பின்னாளில் மன்னிக்கப்பட்டுப் பெங்ஹுலு பதவி ஏற்றனர். முகத்துக்கு முகம் நின்று வெட்டிக்கொண்டவர்களுக்கே இயன்ற இணக்கம், அவர்களைப் படிக்கும் பிள்ளைகளுக்கு இயலாததன்று.

எனவே அம்மாணவர்க்கு ஆசிரியர் ஒரு சொல்லில் விடை தரவேண்டியதில்லை. மகாடி செய்தவை, கூடின் செய்தவை, சுல்தான் செய்யாது விட்டவை என மூன்று நிரல்களைக் கரும்பலகையில் வரைந்து, நிகழ்ச்சிகளை ஆண்டு முறையில் பிள்ளைகளையே நிரப்பச் செய்யலாம். நான்காவது நிரல் ஒன்றும் வேண்டும்: அவ்வாண்டுகளில் ஊர் மக்களுக்கு நேர்ந்தவை. அதனை நிரப்பத் தொடங்குகையில் பாடநூலில் செய்தி குறைவாயிருப்பதைப் பிள்ளைகளே கண்டு கேட்பர். அக்கேள்விக்குப் பிறகு பாடத்தைத் தொடர்வது நலம்.