53 பேரை எடைபோடுவது எப்படி?

ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் மாதக் கடைசியில் அமெரிக்கக் கால்பந்து லீகான என்.எஃப்.எல்.லின் 32 அணிகளும், முகாமில் இருக்கும் 90 பேரை 53 பேராகக் குறைத்தாக வேண்டும். பட்டியல் வெளிவந்த சில மணி நேரத்திலேயே அதை அலசி எழுதுபவர்களின் வேலை தொடங்கிவிடும். பந்தை எறியும் குவார்ட்டர்பேக் தேறுவாரா, பந்தைப் பிடிக்க யார் இருக்கிறார்கள், தடுப்பாட்டத்தில் ஓட்டை எங்கே என்று ஓர் இடம் விடாமல் பார்த்து, கடைசியில் இந்த அணி இத்தனை ஆட்டம் ஜெயிக்கும் என்று ஒரு எண்ணைப் போடுவார்கள். கோப்பைக்குப் போட்டியிடும் அணிகளைப் பொறுத்தவரை இந்த முறை பெருமளவு பலன் தருகிறது. பழையதை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டிக்கொண்டிருக்கும் அணி என்று வரும்போதுதான் அதன் பலமும் பலவீனமும் ஒருசேர வெளிப்படுகின்றன.

2021ஆம் ஆண்டின் டெட்ராய்ட் லயன்ஸை எடுத்துக்கொள்வோம். 2008இல் விளையாடிய 16 ஆட்டங்களிலும் தோற்ற அணி அது. அடுத்த ஆண்டு, கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், முதல் ஆளாக எடுக்கப்பட்ட குவார்ட்டர்பேக் மேத்யூ ஸ்டாஃபோர்ட் 12 சீசன் ஆடியும் அங்கே ஒரு பிளேஆஃப் வெற்றிகூடக் கிடைக்கவில்லை. 2021 ஜனவரியில் பிராட் ஹோம்ஸ் பொது மேலாளராகவும் டான் கேம்பல் தலைமைப் பயிற்சியாளராகவும் வந்தார்கள். வந்த வேகத்தில் ஸ்டாஃபோர்டை லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸுக்குக் கொடுத்துவிட்டு குவார்ட்டர்பேக் ஜாரெட் காஃபையும், 2022, 2023 ஆண்டுகளின் முதல் சுற்று டிராஃப்ட் வாய்ப்புகளையும், 2021இன் ஒரு மூன்றாம் சுற்று வாய்ப்பையும் வாங்கிக்கொண்டார்கள். கொரோனாவால் லீகின் வருமானம் விழுந்து, ஓர் அணி சம்பளத்துக்குச் செலவிடக்கூடிய உச்சவரம்பு 19.82 கோடி டாலரிலிருந்து 18.25 கோடியாக இறங்கிய ஆண்டு அது. போய்விட்ட ஸ்டாஃபோர்டின் ஒப்பந்தத்தில் ஒரு பெரும் பங்கும் லயன்ஸின் கணக்கிலேயே நின்றது. கை நிறையப் பணம் வைத்துக்கொண்டு ஆள் சேர்க்கும் நிலை இல்லை.

அந்த ஆகஸ்டில் எழுதியவர்கள் பெரும்பாலும் லயன்ஸைக் கடைசி வரிசையில்தான் வைத்தார்கள். எல்லோர் விரலும் சுட்டியது பந்தைப் பிடிக்கும் ரிசீவர்களை. மார்ச் மாதத்தில் கென்னி கொலடே நியூயார்க் ஜயன்ட்ஸுக்கும் மார்வின் ஜோன்ஸ் ஜாக்சன்வில்லுக்கும் போய்விட்டார்கள். அந்த இடத்துக்கு வந்தவர்கள் டைரல் வில்லியம்ஸும் பிரெஷாட் பெரிமனும். ஆகஸ்ட் 31 அன்று பெரிமனையும் விடுவித்துவிட்டு, அதே நாளில் டென்வரிலிருந்து டிரினிட்டி பென்சன் என்ற அனுபவமற்ற இளைஞரை டிரேடில் கொண்டுவந்தார்கள். சீசன் தொடங்க இரண்டு வாரம்கூட இல்லாதபோது ஓர் அணி ரிசீவரைத் தேடி அலைகிறது என்றால் அதன் நிலை என்ன என்பதற்கு வேறு சான்று வேண்டாம். வில்லியம்ஸ் முதல் ஆட்டத்திலேயே தலையில் அடிபட்டு வெளியேறினார். அதன் பிறகு லயன்ஸுக்காக அவர் ஆடவே இல்லை. குவின்டெஸ் சீஃபஸ் அக்டோபரில் கழுத்துப்பட்டை எலும்பை உடைத்துக்கொண்டார். சீசன் முடிந்தபோது கணக்கு மூன்று வெற்றி, 13 தோல்வி, ஒரு சமன்.

ஆக, அலசியவர்கள் சொன்னது நடந்தது. இதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். புதிதாகக் கட்டப்படும் அணியின் நிர்வாகம் எப்போதும் மனப்பான்மை, கட்டுக்கோப்பு, போராட்டக் குணம் என்று பேசும். எதிராளியின் முழங்கால் சிப்பியைக் கடித்தாவது எழுந்து நிற்போம் என்று கேம்பல் தன் அறிமுகப் பேட்டியில் பேசியதை நாடே பார்த்தது. அந்தப் பேச்சில் மயங்காமல், பந்தைப் பிடிக்க ஆள் எங்கே என்று கேட்டவர்கள் ரசிகர்களுக்கு நல்லதே செய்தார்கள். டிக்கெட்டுக்குப் பணம் கட்டுகிறவருக்கு உண்மை நிலவரம் தெரிய வேண்டும். ஒப்பந்தத் தொகை, வயது, காயங்களின் வரலாறு, மாற்று ஆட்டக்காரர்களின் தரம் ஆகியவற்றை வரிசையாக எடுத்துவைக்கும் இந்த எழுத்து இல்லையென்றால் நிர்வாகத்தின் விளம்பரம் மட்டுமே மிஞ்சும்.

குறை வேறிடத்தில் இருக்கிறது. வெற்றி எண்ணிக்கையைச் சரியாகச் சொன்ன அதே அலசல்கள், அணியின் வருங்காலம் யார் கையில் என்பதில் தடுமாறின. அன்று லயன்ஸின் தூண்களாகக் கொண்டாடப்பட்ட இளைஞர்கள் யார் யார்? 2019 டிராஃப்டில் எட்டாவது ஆளாக வந்த டி.ஜே. ஹாக்கன்சன். 2020இல் மூன்றாவது ஆளாக வந்த ஜெஃப் ஒகுடா. அதே ஆண்டின் இரண்டாம் சுற்றில் வந்த டி'ஆண்ட்ரே ஸ்விஃப்ட். ஒகுடாவுக்கு 2021இன் முதல் ஆட்டத்திலேயே குதிகால் தசைநார் அறுந்தது. ஹாக்கன்சனை 2022 நவம்பரில் மினசோட்டாவுக்குக் கொடுத்துவிட்டார்கள். 2023 ஏப்ரலில் ஒகுடா அட்லாண்டாவுக்கும் ஸ்விஃப்ட் ஃபிலடெல்ஃபியாவுக்கும் போனார்கள். லயன்ஸ் 30 ஆண்டு கழித்துத் தன் பிரிவில் முதலிடம் பிடித்த 2023 சீசனில் இந்த மூவரில் ஒருவர்கூட அணியில் இல்லை.

இருந்தவர்கள் யார்? 2021 டிராஃப்டின் நான்காம் சுற்றில் 112ஆவது ஆளாக அமோன்-ரா செயின்ட் பிரவுனையும், அடுத்தபடியாக 113ஆவது ஆளாக டெரிக் பார்ன்ஸையும் லயன்ஸ் எடுத்திருந்தது. செயின்ட் பிரவுனுக்கு முன்னால் 16 ரிசீவர்கள் எடுக்கப்பட்டிருந்தார்கள். அந்த 16 பேரின் பெயரையும் அவர் மனப்பாடமாக வைத்திருப்பது பின்னாளில் பிரபலமானது. 2021 டிசம்பர் 5 அன்று, 11 ஆட்டங்களில் ஒரு வெற்றியும் காணாத லயன்ஸ், மினசோட்டாவிடம் 23-27 என்று பின்தங்கி நின்றது. எல்லைக்கு 11 கெஜம், கடைசி முயற்சி, கடிகாரத்தில் நான்கு நொடி. காஃப் எறிந்ததை எல்லைக்கோட்டுக்குள் செயின்ட் பிரவுன் நெஞ்சோடு அணைத்துப் பிடித்தார். 29-27. அதிலிருந்து சீசன் முடியும்வரை ஆடிய ஒவ்வோர் ஆட்டத்திலும் குறைந்தது எட்டுப் பந்தாவது பிடித்தார். பார்ன்ஸின் நேரம் 2024 ஜனவரியில் வந்தது. டாம்பா பே அணிக்கு எதிரான பிளேஆஃப் ஆட்டத்தில் அதன் குவார்ட்டர்பேக் பேக்கர் மேஃபீல்டின் கடைசி வீச்சை இடைமறித்து 31-23 வெற்றியை உறுதிசெய்தது அவர்தான்.

இதை ஆகஸ்டிலேயே ஊகித்திருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. யாராலும் முடிந்திருக்காது. லயன்ஸே செயின்ட் பிரவுனுக்கு முன்னால் நான்கு பேரை எடுத்தது. நான் சொல்வது வேறு. ரிசீவர் இடம் காலியாகக் கிடக்கிறது என்று எழுதியவர்கள் அதைக் கழித்தல் குறியாக மட்டுமே பார்த்தார்கள். காலியிடம் இருந்தால்தானே நான்காம் சுற்று இளைஞனுக்கு வாய்ப்பு வரும்! வேறோர் அணியில் அவர் இரண்டு ஆண்டு ஓரமாக உட்கார்ந்திருக்கலாம். இங்கே வேறு ஆள் இல்லாததால் காஃப் அவரையே தேட வேண்டியிருந்தது. கட்டப்படும் அணியில் எந்த இடம் காலி, அந்த இடத்தில் யாருக்கு நிறைய ஆடக் கிடைக்கும் என்று பார்ப்பது, யார் எத்தனையாவது ஆளாக வந்தார் என்று பார்ப்பதைவிடப் பயனுள்ளது.

அதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. புதியவரின் திறமை வெளிப்பட வேண்டுமானால் அவரைச் சுற்றியிருப்பவர்கள் குறைந்தபட்சத் தரத்தோடு இருக்க வேண்டும். நேரத்துக்குப் பந்து வந்து சேராவிட்டால் ரிசீவர் நல்லவரா கெட்டவரா என்று எப்படிச் சொல்வது? குவார்ட்டர்பேக்கைக் காக்கும் ஐந்து பேர் வரிசை உடைந்துகிடந்தால் பந்து எப்படி வரும்? எல்லா இடங்களையும் ஒரே தராசில் போட்டுச் சராசரி காணும் மதிப்பெண் முறை இங்கேதான் பெரிதாகச் சறுக்குகிறது.

கிளீவ்லாந்து பிரவுன்ஸ் இதற்குச் சான்று. 2016 மார்ச்சில் அந்த அணியின் சென்டர் அலெக்ஸ் மேக் அட்லாண்டாவுக்கும் டேக்கிள் மிட்செல் ஷ்வார்ட்ஸ் கன்சாஸ் சிட்டிக்கும் போனார்கள். இருவரும் அந்த வரிசையின் முதுகெலும்பு. அந்த டிராஃப்டில் பிரவுன்ஸ் 14 பேரை எடுத்தது. அவர்களில் நால்வர் ரிசீவர்கள். காகிதத்தில் இதைவிட நல்ல அஸ்திவாரம் இல்லை என்றே தோன்றும். ஆனால் அந்த சீசனில் மூன்று குவார்ட்டர்பேக்குகள் மாறி மாறி ஆட்டத்தைத் தொடங்க, அணி ஓர் ஆட்டம் மட்டுமே ஜெயித்தது. ஓராண்டு கழித்து, விட்டதைத் திரும்பக் கட்ட கெவின் சைட்லர், ஜே.சி. டிரெட்டர் இருவரையும் வெளியிலிருந்து பணம் கொட்டி வாங்கினார்கள். 2017இல் டிஷோன் கைசர் என்ற 21 வயது இளைஞரிடம் பந்தைக் கொடுத்து 16 ஆட்டங்களிலும் தோற்றார்கள். அவர் 22 முறை எதிரணியிடம் பந்தை எறிந்தார். இரண்டு ஆண்டும் அந்த இளம் ரிசீவர்களை முறையாகச் சோதிக்க வழியே இருக்கவில்லை.

லயன்ஸ் அந்தத் தவறைச் செய்யவில்லை. முந்தைய நிர்வாகம் விட்டுப்போன டெய்லர் டெக்கர், ஃபிராங்க் ராக்னோ, ஜோனா ஜாக்சன் மூவரையும் வைத்துக்கொண்டு, டிராஃப்டின் ஏழாவது வாய்ப்பை பெனே சூவலுக்குச் செலவிட்டது. சூவல் கல்லூரியில் ஆடியது இடது பக்கம். முகாமில் வலது பக்கம் நிறுத்தினார்கள். முன்பருவ ஆட்டங்களில் திணறினார். 20 வயது இளைஞன் பக்கம் மாறித் திணறியதை வைத்துக் கவலைக் கட்டுரைகள் வந்தன. சீசன் தொடங்கும் நேரம் டெக்கர் விரலில் அடிபட்டு உட்கார, சூவல் மீண்டும் இடது பக்கம் போனார். டெக்கர் திரும்பும் முன்பே ராக்னோ கால் விரல் காயத்தால் சீசனை இழந்தார். நன்றாகக் கட்டப்பட்ட அந்த ஐந்து பேர் வரிசை 2021இல் ஒரு தடவைகூட ஒன்றாகக் களம் இறங்கவில்லை. அந்த ஆண்டின் மூன்று வெற்றியை மட்டும் பார்த்தவருக்கு இது தெரிய வழியில்லை. அடுத்த ஆண்டுகளில் அவர்கள் சேர்ந்து ஆடியபோது காஃப் நின்று எறிய நேரம் கிடைத்தது. வலது பக்கத்துக்கே திரும்பிய சூவல் 2023இல் லீகின் தலைசிறந்த ஆட்டக்காரர்கள் பட்டியலான ஆல்-ப்ரோ முதல் அணியில் இடம்பிடித்தார்.

காஃபை எல்லோரும் இடைக்கால ஏற்பாடு என்றே எழுதினார்கள். அடுத்த குவார்ட்டர்பேக் வரும்வரை தாக்குப்பிடிப்பார், சம்பளக் கணக்கை முடித்துக்கொண்டு போய்விடுவார் என்றார்கள். 2024 மே மாதத்தில் லயன்ஸ் அவரோடு நான்கு ஆண்டுக்கு 21.2 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டது. எழுதியவர்களைக் குறை சொல்ல முடியாது. 2021இன் பெரும்பகுதியில் காஃப் மோசமாகவே ஆடினார். மாற்றம் வந்தது பயிற்சியாளர் அறையிலிருந்து. நடு சீசனில், ஒவ்வொரு முயற்சியிலும் என்ன ஆடுவது என்று தீர்மானிக்கும் பொறுப்பைக் கேம்பல் தானே எடுத்துக்கொண்டார். டைட் எண்ட் பயிற்சியாளராக இருந்த பென் ஜான்சனின் பங்கு வளர்ந்து, 2022இல் தாக்குதல் ஒருங்கிணைப்பாளர் ஆனார். 53 பேர் பட்டியலில் பென் ஜான்சன் என்ற பெயருக்கு இடமே கிடையாது. பட்டியலை மட்டும் வைத்து எழுதுவதன் எல்லை அது.

மறுபக்கமும் இருக்கிறது. லயன்ஸ் எழுந்த கதையைக் காட்டி, பொறுங்கள், எல்லாம் திட்டப்படி நடக்கிறது என்று தோற்றுக்கொண்டே இருக்கும் நிர்வாகங்கள் இன்று பேசுகின்றன. லயன்ஸுக்கு அதிர்ஷ்டமும் கைகொடுத்தது. ஸ்டாஃபோர்ட் போன முதல் ஆண்டே ராம்ஸ் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலை ஜெயித்ததால் லயன்ஸுக்குக் கிடைத்த வாய்ப்பு 32ஆவது, அதாவது சுற்றின் கடைசி இடம். அடுத்த ஆண்டு ராம்ஸ் 5-12 என்று சரிந்ததால் ஆறாவது இடம் கிடைத்தது. அதை அரிசோனாவோடு மாற்றிக்கொண்டு ஜமீர் கிப்ஸையும் சாம் லபோர்ட்டாவையும் எடுத்தார்கள். ராம்ஸ் சரியும் என்று 2021இல் யாருக்குத் தெரியும்? வாய்ப்புகள் குவிந்தால் மட்டும் போதாது: 2019இல் மயாமி டால்ஃபின்ஸ் சீசனுக்கு ஒரு வாரம் முன்பு தன் இடது டேக்கிள் லாரமி டன்சிலை ஹூஸ்டனுக்கு விற்று இரண்டு முதல் சுற்று வாய்ப்புகளைச் சம்பாதித்தது. முதல் ஆட்டத்தில் 10-59 என்று தோற்றும், பிறகு தேறி ஐந்து ஆட்டம் ஜெயித்தது. கணித்தவர்கள் அங்கே வெற்றி எண்ணிக்கையிலேயே தவறினார்கள். அத்தனை வாய்ப்புகளைக் குவித்தும் 2024 சீசன் முடியும்வரை அந்த அணிக்கு ஒரு பிளேஆஃப் வெற்றிகூடக் கிடைக்கவில்லை.

ஆகவே என் தீர்ப்பு இது. கட்டப்படும் அணிக்கு வெற்றி எண்ணிக்கையைக் கணிப்பது வீண் வேலை. சரியாக வந்தாலும் அது எதையும் சொல்வதில்லை. ஐந்து பேர் வரிசை நிற்குமா, பந்தை ஒழுங்காகக் கொண்டுசேர்க்கும் ஒருவர் இருக்கிறாரா, எந்த இளைஞர்களுக்கு நிறைய ஆடக் கிடைக்கும் என்பவற்றுக்குப் பக்கங்களைக் கொடுக்கலாம். இன்னொன்றும் கேட்கிறேன். ஆகஸ்டில் அணியைப் பிரித்துப்போட்டு எழுதுபவர்களே, மூன்றாம் ஆண்டு அதே கட்டுரையை எடுத்து, எவர் நிலைத்தார், எவர் போனார், எங்கே நம் கணக்கு பொய்த்தது என்று பெயர் பெயராகக் குறித்து வாசகர் முன் வையுங்கள். பிரிவு முதலிடத்தை வென்ற லயன்ஸ் அணியில் 2021 செப்டம்பரிலிருந்து தொடர்ந்து இருந்தவர்கள் பத்துப் பேருக்கு மேல்.