மினுக்குதலும் தேய்த்தலும்: இஸ்திரிப் பெட்டியின் பிசுக்கைப் போக்குவதில் இரு கரை வழக்கங்கள்

துணியின் சுருக்கத்தைச் சூட்டாலும் பாரத்தாலும் நீக்கும் கருவிக்குத் தமிழகத்தில் இஸ்திரிப் பெட்டி, தேய்ப்புப் பெட்டி, அயர்ன் பாக்ஸ் எனப் பல பெயர்கள் வழங்க, இலங்கைத் தமிழர் அதனை ஸ்திரிக்கைப் பெட்டி என்றும் அயன் என்றும் சொல்வர். அவர்தம் பாடநூல்கள் மின்னழுத்தி என்னும் சொல்லை ஆள்கின்றன. இஸ்திரி, ஸ்திரிக்கை ஆகிய இரண்டும் இழுத்து விரித்தலைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லின் வழி வந்தவை எனக் கொள்ளப்படுவதால், பெயரளவில் இரு கரைக்கும் கடன் கொடுத்தவர் ஒருவரே. வேறுபாடு வினைச்சொல்லில் தொடங்குகிறது. தமிழகத்தார் துணியைத் 'தேய்க்க', ஈழத்தவர் உடுப்பை 'மினுக்குவர்'. தமிழகத்தில் மினுக்குதல் பகட்டான ஒப்பனையைக் குறிப்பதால், 'உடுப்பு மினுக்க வேண்டும்' என்பதைக் கேட்டு அங்குள்ளோர் நகைப்பது உண்டு. ஆயினும் எண்ணெய், பாத்திரம், துணி ஆகிய மூன்றையும் 'தேய்க்கும்' வழக்கு, செயலின் பயனை நேரே சுட்டும் ஒரு சொல்லை நகைப்பது அத்துணைப் பொருத்தமுடையதன்று.

பெட்டியின் அடித்தட்டில் படியும் பிசுக்கு இரு வகைப்படும். முதலாவது, வேட்டிக்கும் பருத்திச் சேலைக்கும் போடப்படும் கஞ்சி முழுதும் உலராத நிலையிலோ மிகுந்த சூட்டிலோ தட்டில் ஒட்டிக் கருகுவதால் உண்டாகும் பழுப்புப் படலம். இரண்டாவது, நைலோன் போன்ற செயற்கை இழைகள் இளகி ஒட்டுவதால் உண்டாவது. பராமரிப்புக் குறியீட்டில் பருத்திக்குரிய மூன்று புள்ளிகள் 200 பாகை செல்சியசு வரையிலான சூட்டையும், ஒற்றைப் புள்ளி 110 பாகையையும் குறிக்கின்றன; ஒற்றைப் புள்ளித் துணியை மூன்று புள்ளிச் சூட்டில் மினுக்கினால் துணி சுருங்குவதோடு தட்டும் பாழாகும்.

இலங்கையில் பள்ளிச் சீருடை பெரும்பாலும் வெண்ணிறமாதலால், தட்டிலுள்ள சிறு கறையும் மறுநாட் காலையில் வகுப்பறை முழுவதற்கும் தெரிந்துவிடும். பிள்ளைகளின் உடுப்பை ஞாயிறு மாலையே எடுத்து வைக்கும் தாய்மார், முதலில் பழஞ்சீலை ஒன்றில் தட்டை ஓட்டிப் பார்த்த பின்னரே வெள்ளைச் சட்டையைத் தொடுவர். அவ்வீடுகளில் இதனை எவரும் தனியே கற்பிப்பதில்லை. தமிழகத்தில் தெருமுனை இஸ்திரி வண்டி இவ்வேலையின் கணிசமான பங்கை ஏற்றுக்கொள்வதால், பெட்டியின் தூய்மை இஸ்திரிக்காரரின் பொறுப்பாகிறது; அவரும் கரிப்பெட்டியின் அடியை ஈரத் துணியில் துடைத்த பின்னரே சட்டையின் மேல் வைக்கிறார். தமிழக வீடுகளின் உள்ளறையில் நடப்பது வண்டியருகே நிற்போர் கண்ணுக்கு எட்டுவதில்லை என்பதையும் நினைவிற்கொள்ளுதல் தகும்.

போக்கும் முறைகளில் பொருள் பெரும்பாலும் ஒன்றாயிருக்கப் பெயர்களே மாறுகின்றன. தமிழகத்தில் ஆப்ப சோடா எனப்படுவது இலங்கையில் அப்பச்சோடா. அதனைச் சிறிது நீரில் குழைத்து, மின் இணைப்பை நீக்கி ஆறவைத்த தட்டில் பூசித் துடைப்பது இரு கரைக்கும் பொது. தாளில் தூளுப்பைப் பரப்பி, நீராவியின்றிச் சூடான பெட்டியை அதன்மேல் ஓட்டுவதும் அத்தகையதே. தூத்துக்குடி உப்பும் ஆனையிறவு உப்பும் இதனைச் சமமாகவே செய்யும் எனினும், ஆனையிறவின் பெயரை ஈழத்தவர் சொல்லும்போது குரலில் ஏறும் கனம் வேதியியலைச் சார்ந்ததன்று. உப்பு உராய்ந்து சுரண்டுவதால், ஒட்டாப் பூச்சுடைய தட்டுகளுக்கு அது ஆகாது.

சூடான தட்டில் காய்ச்சல் மாத்திரையைத் தேய்க்கும் முறையும் பரவியுள்ளது. தமிழகத்தில் மாத்திரை எனப்படுவதை இலங்கையர் குளிசை என்பர். பரசிட்டமோலை எவர் தயாரித்தாலும் பனடோல் என்றே கேட்பர். அம்மருந்து ஏறத்தாழ 169 பாகையில் உருகுவதால், 150 பாகையைக் குறிக்கும் இரண்டு புள்ளிச் சூடு போதாது. பருத்திச் சூட்டில், குறட்டால் பிடித்துத் தேய்க்க, உருகிய மருந்து கறையை இளக்கும், அதனைத் துணியால் துடைத்தெடுக்கலாம். புகை எழுமாதலால் யன்னலைத் திறந்து வைத்தல் வேண்டும்.

நீராவிப் பெட்டிகளின் துளைகளை அடைப்பது பிசுக்கன்று, சுண்ணாம்புப் படிவு. யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணக்கல் நிலமாதலால் அதன் கிணற்று நீர் கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவது அங்கு யாவரும் அறிந்தது. தமிழகத்தின் ஆழ்துளைக் கிணற்று 'உப்புத் தண்ணீர்' பல இடங்களில் இதே தொல்லையைத் தருகிறது. இப்படிவைக் கரைப்பது புளிப்பு. தமிழகத்தார் எலுமிச்சையும் வினிகரும் என்பதை ஈழத்தவர் தேசிக்காயும் வினாகிரியும் என்பர். தென்னங்கள்ளிலிருந்து பெறப்படும் வினாகிரி மணத்தில் உயர்ந்ததென்பதில் ஐயமில்லை. ஆனால் நிறமும் பிறபொருள்களும் கலந்த அது ஊறுகாய்க்கு உரியது, துளைகளுக்குத் தெளிந்த வெள்ளை வினாகிரியே ஏற்றது என்பதை ஒப்புக்கொள்ளாதிருத்தல் இயலாது.

1990களில் போரால் மின்சாரம் அற்றிருந்த இலங்கையின் வடபுலத்தில், பரணிற் கிடந்த கரிப்பெட்டிகள் மீண்டும் இறக்கப்பட்டுச் சிரட்டைக் கரியால் நிரப்பப்பட்டன. தமிழகத்தார் கொட்டாங்குச்சி என்னும் அச்சிரட்டையின் சாம்பல் வெள்ளைச் சீருடையில் விழாதவாறும், கரியேறிய தட்டு கறை படுத்தாதவாறும் காத்த கைகளுக்கு மினுக்குதல் பகட்டாக இருந்திருக்க முடியாது. தட்டைத் தேய்த்துத் துடைப்பது வரை இரு கரையினரும் ஒரே வேலையைத்தான் செய்கின்றனர். துடைத்த தட்டை விளக்கொளியில் சரித்து, மினுங்குகிறதா எனப் பார்க்கும் இறுதிக் கணத்தையும் சேர்த்துச் சொல்வது ஈழத்தவரின் சொல்.