புளிப்பும் கசப்பும் இல்லாத தாய் விருந்து

பாங்காக்கில், சாவ் பிரயா ஆற்றங்கரையில் இருக்கிறது அந்த உணவகம். பெயர் வேண்டாம். பொழுது சாயும் முன்பே வாசலில் வரிசை நீள்கிறது. வரிசையில் உள்ளூர்க் குடும்பங்களும் நிற்பதால், சுற்றுலாப் பயணிகளை நம்பிப் பிழைக்கும் கடை என்று ஒதுக்கிவிட முடியாது. அதனாலேயே ஏமாற்றம் பெரிதாக இருந்தது.

முதலில் சோம் தாம் வந்தது. வடகிழக்குத் தாய்லாந்தின் ஈசான் வட்டாரத்துக்கு அடையாளமான இந்தப் பச்சைப் பப்பாளிக் கலவைக்கு உரல்தான் உயிர். பூண்டும் மிளகாயும் நசுங்கி, காராமணிக்காயும் தக்காளியும் சேர்ந்து, பப்பாளி லேசாக இடிபடும்போதுதான் எலுமிச்சைச் சாறும் மீன் சாஸும் பனைவெல்லமும் அதற்குள் இறங்கும். இங்கே சீவிய பப்பாளியின் மேல் முன்பே கலந்துவைத்த சாற்றை ஊற்றியிருந்தார்கள். பப்பாளி சப்பென்று கிடக்க, தட்டின் அடியில் இனிப்புத் தண்ணீர் தேங்கியிருந்தது.

டாம் யம் குங் 2024இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் ஏறிய இறால் சூப். பேரரத்தையும் எலுமிச்சைப்புல்லும் கொதித்து மணம் விட்டபின், இறக்கிவைத்துத்தான் எலுமிச்சை பிழிய வேண்டும். எலுமிச்சை ரசம் வைப்பவர்களுக்கு இதன் காரணம் தெரியும். இங்கே சாறும் சேர்ந்து கொதித்திருந்தது. புளிப்பின் கூர்மை போன இடத்தைப் பாலும் சர்க்கரையும் நிரப்பின. இறால் மட்டும் பதமாக வெந்திருந்தது.

கிரீன் கறிதான் என்னை உண்மையாகவே வருத்தியது. தேங்காயின் கெட்டியான முதல் பாலை எண்ணெய் பிரியும்வரை காய்ச்சி, அதில் அரைத்த விழுதை வதக்குவது இதன் அடிப்படை. அப்போதுதான் பச்சை வாடை போய், குழம்பின் மேல் பச்சை எண்ணெய் மினுங்கும். எனக்கு வந்த கிண்ணத்தில் ஒரு துளி எண்ணெய்கூடப் பிரியவில்லை. விழுதைப் பாலில் கரைத்துக் கொதிக்கவிட்டிருக்கிறார்கள். அதைவிடக் கொடுமை, சுண்டைக்காய் இல்லை. ஆம், நம் சுண்டைக்காயேதான். கொழுப்பையும் இனிப்பையும் அறுப்பது அதன் கசப்பு. அதை எடுத்துவிட்டுக் கேரட் போட்டிருந்தார்கள், இனிப்போடு இன்னொரு இனிப்பாக.

இனிப்பு தன்னளவில் குற்றமா? இல்லை. மத்தியத் தாய்லாந்துச் சமையலில் அதற்கு உரிய இடம் உண்டு. ஆனால் தாய் மக்கள் பல பதார்த்தங்களை நடுவில் வைத்துப் பகிர்ந்து உண்பவர்கள். ஒன்றின் காரத்தை மற்றொன்றின் புளிப்பு தணிக்க வேண்டும். கறியின் கொழுப்புக்குப் பச்சைக் காய்கறி ஈடுகொடுக்க வேண்டும். மூன்றும் ஒரே சுவையில் வந்தால், எத்தனை வாங்கினாலும் ஒன்றைச் சாப்பிட்டதாகவே ஆகும். மிளகாய் போட்ட மீன் சாஸ் கேட்டேன், உடனே கொண்டுவந்தார்கள். அது சூப்பை ஓரளவு மீட்டது. வதங்காத விழுதை அதனால் என்ன செய்ய முடியும்?

சமையல்காரர்களுக்குக் கை வராமல் நடந்ததென்றால் மன்னிக்கலாம். ஆனால் அதே அடுப்பில் வதக்கிய வள்ளைக்கீரை அபாரமாக இருந்தது: நல்ல சூட்டில் புகை மணம் ஏறி, தண்டு நறுக்கென்று, பூண்டும் சோயா விழுதும் அளவாக. தெரிந்த கை இது. எனவே மற்றவற்றில் காண்பது திறமைக் குறைவு அல்ல. யார் முகமும் சுளிக்கக் கூடாதென்று புளிப்பையும் கசப்பையும் வேண்டுமென்றே விலக்கிய முடிவு என்றே கொள்கிறேன். கீரைக்கும் இறாலுக்கும் மதிப்பெண் தருவேன். தாய் சமையலை முதன்முதலாக ருசிக்க வரும் எவரையும் அங்கே அனுப்பமாட்டேன்.