தூது அனுப்பும் திருட்டு: சசாக் மணமுறையை வாசித்தல்

சடங்கு குடும்பத்தைக் கெட்டிப்படுத்துகிறது என்ற வாக்கியத்தைப் படித்துப் படித்து அலுத்துவிட்டது. கெட்டிப்படட்டும். யாருடைய குடும்பம், யாருடைய உடலை வைத்து என்பதுதான் என் கேள்வி. இந்தோனேசியாவின் லொம்போக் தீவில் வாழும் சசாக் மக்களின் ‘மெராரிக்’கை இந்தக் கேள்வியோடு வாசிக்கிறேன்.

பொழுது சாய்ந்தபின் பெண் வீட்டைவிட்டுக் கிளம்பிவிடுகிறாள். அவளை உறவினர் வீட்டில் மறைத்துவைக்க வேண்டும். பிறகு ‘செலாபார்’: ஊர்த்தலைவர் வழியாகப் பெண்வீட்டுக்குச் சேதி போகும். அப்புறம் பேரம், நிக்காஹ், ‘சொரோங் செரா அஜி கிராமா’ என்ற ஒப்படைப்புச் சடங்கு. கடைசியில் ‘ஞொங்கோலான்’: பெருமுரசுகள் அதிர, ஊர் பின்னால்வர, தம்பதியர் பெண்ணின் பிறந்தவீட்டுக்கு நடந்துபோகிறார்கள்.

முதல் வாசிப்பில் கலகம் மாதிரி இருக்கிறது. தகப்பனின் அதிகாரம் ஓர் இரவுக்கு ரத்து. எனக்கும் உற்சாகமாகத்தான் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். ஆனா திருட்டுக்கு ஒரு விதி, ஒரு தூதர், ஒரு விலைன்னு எல்லாம் இருந்தா அது என்ன திருட்டு? நிக்காஹ் நடக்க அதே தகப்பன் ‘வலி’யாகச் சம்மதிக்க வேண்டும். அஜி கிராமாவோ 33, 66, 100 என்று ஊருக்கு ஊர் மாறும் எண்களில் குடிப்படிநிலையை எல்லோர் முன்னிலையிலும் எண்ணிக் காட்டுகிறது. உயர்குடி ‘லாலு’ கீழே மணக்கலாம். உயர்குடி ‘பாயிக்’ கீழே மணந்தால் பிறந்தவீடு அவளைத் தலைமுழுகியதுண்டு. இரவு அவிழ்த்ததைப் பகல் முடிந்துவிடுகிறது.

இதனால் மொத்தத்தையும் தூக்கி எறியச் சொல்லவில்லை. கோபத்தில் இருக்கும் இரண்டு வீடுகளைப் பேசவைக்க மூன்றாம் மனிதர்களை அனுப்புவதும், போன மகள் முரசோடு திரும்பிவர ஒரு பாதை வைத்திருப்பதும் சாதாரண விஷயமில்லை. குடும்பத்தைக் காக்கும் ஏதாவது இங்கே உண்டென்றால் இந்தச் சமரசம்தான்.

ஆனால் அந்த இரவு வயது கேட்பதில்லை. வெளியே ஓர் இரவு தங்கியவளைத் திரும்பச் சேர்ப்பது அவமானம் என்பதால் பதினைந்து வயசுப் பிள்ளைக்கும் கல்யாணம் முடிந்துவிடுகிறது. 1974 திருமணச் சட்டம் பெண்ணுக்கு 16 என்று வைத்தது. 2019 திருத்தம் இருபாலருக்கும் 19 ஆக்கியது. 2022 பாலியல் வன்முறைச் சட்டம், பண்பாட்டின் பெயரால் நடக்கும் கட்டாய மணத்தையும் குழந்தை மணத்தையும் குற்றமென்றது. நீதிமன்ற விலக்கும் பதிவில்லா நிக்காஹும் சட்டத்துக்குப் பின்வாசல்கள்.

இன்னொன்று. மலேசிய எண்ணெய்ப்பனைத் தோட்டங்களுக்குப் போகும் லொம்போக் ஆண்கள் ஏராளம். நம்மவர்கள் ரப்பர் வெட்டிய மண் அது. பதிவில்லாத மணத்தை ஒரு வாய்ச்சொல் தலாக் முடித்துவிடும். அவள் ஜீவனாம்சம் கேட்டுப் போக ஒரு காகிதமும் இருக்காது. அழைத்துப்போனபோது வந்த தூதர் இப்போது வருவதில்லை.

சில கிராமங்கள் ‘அவிக்-அவிக்’ என்ற ஊர்விதியிலேயே சிறுவயது மணத்துக்கு அபராதம் எழுதியிருக்கின்றன. ஓடிப்போன சிறுமியை ‘பெலாஸ்’ என்று பிரித்து வீட்டுக்கு அழைத்து வருகிறார்கள். அதுவும் மரபுதான். மரபைப் போற்றுகிறவர்களின் கட்டுரைகளில் இந்த விதியை ஏன் காணோம்?