‘பொறுப்பு’ என்ற ஒரு சொல்: வணிகப் பாடக் குறிப்புகள் மீது ஒரு பார்வை

படிவம் 4, 5 மாணவர்களுக்காகத் தமிழில் தயாராகும் வணிகப் பாடக் குறிப்புகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. ஒரு வரையறை, ஐந்து நன்மை, ஐந்து குறை, அவ்வளவுதான். மனனம் செய்ய வசதி, மறுக்கவில்லை. ஆனால் ‘வணிக உரிமை வகைகள்’ பகுதியில் மையக் கருத்தே நழுவிவிடுகிறது. அதற்குக் காரணம் ஒரு சொல்.

மலாயில் ‘லியாபிலிட்டி’ வேறு, ‘தங்ஙோங்ஜாவாப்’ வேறு. தமிழில் இரண்டுக்கும் ‘பொறுப்பு’ன்னே போட்டுடறாங்க. ‘தனி உரிமையாளருக்கு வரம்பற்ற பொறுப்பு உண்டு’ என்று படிக்கும் மாணவர், ‘எல்லா வேலையையும் அவரே பார்க்கணும் போல’ என்றுதான் எடுத்துக்கொள்வார். ‘வரையறுக்கப்பட்ட பொறுப்பு’ என்றால் அக்கறை குறைவு என்று தோன்றும். இரண்டுமே தவறு. இங்கே கேள்வி ஒன்றுதான்: கடன் மிஞ்சினால் யார் கட்டுவது?

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். சாப்பாட்டுக் கடை ஒன்று மூடப்படுகிறது. கடன் 80,000 ரிங்கிட். கடைப் பொருள்களை விற்றால் கிடைப்பது 30,000. மீதி 50,000? தனி உரிமையாளர் என்றால் அவருடைய சேமிப்பு, கார், வீடு வரை கைவைக்கலாம். கூட்டு வணிகத்தில், ஒரு பங்காளி வணிகத்துக்காக வாங்கிய கடனுக்கு மற்றவரும் பதில் சொல்ல வேண்டும். அதே கடை ‘சென்டிரியான் பெர்ஹாட்’ ஆக இருந்து, உரிமையாளர் 10,000 ரிங்கிட் பங்குத்தொகையை முழுதாகச் செலுத்தியிருந்தால், அவர் இழப்பது அந்த 10,000 மட்டுமே. ‘பெர்ஹாட்’ என்றாலே ‘வரம்புக்குட்பட்டது’. தினமும் பார்க்கும் பெயர்ப் பலகையிலேயே பாடம் இருக்கிறது. குறிப்புகள் அதைத் தொடுவதில்லை.

நிறுவனம் வேறு, உரிமையாளர் வேறு என்ற இந்தக் கொள்கையை உறுதிசெய்தது 1896-இல் இங்கிலாந்தில் தீர்ப்பான சாலமன் வழக்கு. காலணி தயாரித்த அவர், ஏறக்குறைய எல்லாப் பங்குகளையும் தாமே வைத்திருந்தும், நிறுவனத்தின் கடன் அவர் தலையில் விழவில்லை. 1956 வணிகப் பதிவுச் சட்டத்தின்கீழ் கடையைப் பதிவதால் மட்டும் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது. இதைக் குறிப்புகள் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

தனியார் நிறுவனத்துக்குக் குறைந்தது இரண்டு உறுப்பினர் என்று பழைய குறிப்புகளில் இருந்தால் திருத்திவிடுங்கள். 2017 ஜனவரி 31 முதல் நடப்பிலுள்ள 2016 நிறுவனச் சட்டப்படி ஒருவரே போதும்.

அதற்காக நிறுவனத்தை முழுக் கவசமாகக் காட்டுவதும் சரியல்ல. சிறு நிறுவனத்துக்குக் கடன் தரும்போது வங்கி பெரும்பாலும் இயக்குநரின் சொந்த உத்தரவாதத்தைக் கேட்கும். கையெழுத்துப் போட்டால் வீடு மறுபடியும் கணக்கில் வந்துவிடும்.

ஆகவே ‘கடன் பொறுப்பு’ என்றே எழுதுவோம். தேர்வில், ‘உரிமையாளரின் சொந்தச் சொத்தும் கடனுக்கு உட்படும்’ என்ற விளக்கத்தை மாணவர் தயங்காமல் மலாயில் எழுத அது உதவும். நம் மாணவர் பலரின் வீட்டில் சிறு வணிகம் நடக்கிறது. அங்கே கையெழுத்துப் போடுமுன் கேட்க வேண்டிய கேள்வியும் இதுதான்.